பங்க்குக்குப் பின்னால் ஒரு வாட்டர் சர்வீஸ்

எங்கள் வார்டில் இருப்பது ஒரே ஒரு பெட்ரோல் பங்க். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகிற சாலையில், எங்கள் பேரூராட்சியின் பெயர்ப்பலகையைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் வரும். அதன் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கவுன்சிலராகி இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் நான் தையல்காரி. இப்போதும் தையல்காரிதான். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபாரம். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஆளாளுக்குத் தங்கள் மனைவியையோ மருமகளையோ நிறுத்தப் பார்த்தார்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றேன். சுயேச்சையாக நின்றதால் தையல் மிஷினைச் சின்னமாகக் கேட்டேன், அலமாரியைக் கொடுத்தார்கள். அலமாரியை வைத்தே ஜெயித்தேன். அந்த வார்டில் என்னிடம் அளவு கொடுக்காத பெண்கள் குறைவு. ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் சரியாக அமைந்துவிட்டால், மற்ற விஷயங்களிலும் அவள் உங்களை நம்பத் தொடங்குவாள் என்பது என் அனுபவம்.

பங்க் முதலாளிக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். அவருடைய அப்பா நெல்லும் வெங்காயமும் போட்ட நிலத்தில்தான் பங்க் நிற்கிறது. ஊரில் அவருக்கு நல்ல பெயர். அதற்குப் பெரிய காரணம் பங்க்கில் உள்ள கழிப்பறை. அதற்குப் பூட்டு கிடையாது. உள்ளே எப்போதும் தண்ணீர் இருக்கும், தினமும் கழுவி வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், களையெடுக்கப் போய் வருகிறவர்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். ஓட்டுக் கேட்டு நடந்த நாட்களில் நானும் என்னோடு வந்தவர்களும் அங்கேதான் போனோம். எங்களைப் பார்த்தால் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அரசியல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வந்தவர் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். பைபாஸ் போட்ட பிறகு லாரிகள் ஊருக்குள் வருவதில்லை. டீசல் விற்பனை பாதியாகிவிட்டது. ஆனால் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் கார்கள் கூடிக்கொண்டே போகின்றன. அதனால் பங்க்குக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற தன் நிலத்தில் வாட்டர் சர்வீஸ் போட நினைக்கிறார். ஒரே நேரத்தில் மூன்று கார் கழுவுகிற மாதிரி மூன்று மேடை, பக்கத்தில் ஒரு காபிக் கடை. இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தப் பின்பக்க நிலம் ஊர் வரைபடத்தில் குடியிருப்பு என்று இருக்கிறது. அதை வணிகம் என்று மாற்ற வேண்டும். அதற்கு முதலில் பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும். அதன் பிறகுதான் பேப்பரில் அறிவிப்பு, மாவட்ட அலுவலகம் எல்லாம்.

“ஒங்க வார்டு விசயம். நீங்க சரின்னு சொன்னா மத்தவுக யாரும் மறுக்கமாட்டாக, தங்கச்சி” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், “அதுக்கென்னண்ணே, போட்டுறலாம்” என்று சொல்லிவிட்டார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் நான் ஜெயித்த நாளிலிருந்து டீக்கடையில் அவரைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். டீக்கடையோடு இருக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

“நான் எடத்தப் பாத்துட்டுச் சொல்றேண்ணே” என்றேன்.

முதலாளி ஒரு கணம் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “பாருங்க, தாராளமாப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார்.

அவர் போன பிறகு வீட்டில் சின்னச் சண்டை. நாம் பார்க்காத இடமா அது, என்ன புதிதாகப் பார்க்கப் போகிறாய் என்று இவர் கேட்டார். அந்தக் காலி நிலத்தின் பின்சுவர் யாருடைய வீட்டுச் சுவர் என்று நான் திருப்பிக் கேட்டேன். அது இவருடைய சொந்த அக்கா, அதாவது என் மதினியின் வீட்டுச் சுவர்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் அங்கே போனேன். மதினி வீட்டு வாசலில் உட்கார்ந்து, பறித்துக் கொண்டுவந்த மல்லிகை மொட்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டை ஒட்டி அவர்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை இருக்கிறது. அவளும், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவள் வீட்டுக்காரரும் விடிவதற்குள் பறித்துவிடுவார்கள். அண்ணன் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பயப்படாதவள் மதினி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவளிடம் இரண்டு முறை யோசித்துத்தான் பேசுவேன்.

விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“நான் ஒண்ணுதான் கேக்குறேன். காரக் கழுவுற தண்ணி எங்கருந்து வரும்? கழுவுன தண்ணி எங்க போகும்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். சாக்கைக் கட்டி வைத்துவிட்டு என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். அது பழைய கல்கிணறு. அதிலிருந்து பங்க்கின் காலி நிலம் ஒரு வரப்பு தூரம்தான். போன கோடையில் மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்ததையும், செடியைக் காப்பாற்ற டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியதையும் சொன்னாள். எனக்கும் நினைவிருந்தது. அந்த மாதங்களில் ஆத்தூர் அணைப் பக்கமிருந்து வருகிற குழாய்த் தண்ணீரும் ஊருக்குள் முறைவைத்துத்தான் வந்தது. தண்ணீர் கேட்டு என் கடை வாசலுக்கே பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

“பக்கத்துல போரைப் போட்டு அவரு உறிஞ்சுனா, இது என்னத்துக்கு ஆகும்? அப்புறம் அந்தச் சோப்புத் தண்ணியும் எண்ணெயும் இங்கதான எறங்கும்? நீ கையத் தூக்குறதுன்னா தூக்கிக்க. நான் தம்பி பொண்டாட்டின்னெல்லாம் பாக்கமாட்டேன், மனு எழுதிக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போயிருவேன்.”

போ மதினி, தப்பில்லை என்றேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. வாசலுக்குத் திரும்பியதும் சாக்கை அவிழ்த்து ஒரு பிடி மொட்டை அள்ளி என் முந்தானையில் போட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போனாள்.

வாட்டர் சர்வீஸ் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோமே தவிர, அங்கே என்ன நடக்கிறது என்று நான் நின்று பார்த்ததில்லை. எங்களிடம் கார் கிடையாது. அந்த வாரம் நூலும் லைனிங் துணியும் வாங்கத் திண்டுக்கல் போகவேண்டியிருந்தது. நாகல் நகரில் என் தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வாட்டர் சர்வீஸ் உண்டு. அதற்கு எதிரே மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் துணிப்பையோடு உட்கார்ந்தேன். முற்பகல் முழுக்க அங்கேதான் இருந்தேன்.

ஒரு காரை ஏற்றி நிறுத்தி, குழாயைப் பிடித்து அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு வந்த போனைக்கூடப் பேச முடியவில்லை. நுரை போட்டு மறுபடி அடித்தார்கள். அடிவயிற்றில் ஒட்டியிருந்த சேறும் கிரீஸும் கரைந்து, வாசலைத் தாண்டி, கறுப்பாக வந்து சாக்கடையில் விழுந்தது. பூஞ்சாரல் ரோட்டைத் தாண்டி வந்து என் சேலைக் கரையை நனைத்தது. ஒரு காருக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று எழுந்துபோய்க் கேட்டேன். அழுக்குப் போகிற வரைக்கும் அடிக்க வேண்டியதுதான், அதையெல்லாம் யார் அளக்கிறார்கள் என்றார் அந்த இடத்து முதலாளி. நான் ஏதோ வரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு டீ வந்தது. நான் காசு கொடுத்ததும் சந்தேகம் இன்னும் கூடிப்போயிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். கார்கள் வந்துகொண்டே இருந்தன. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நேரமில்லை. அது ஓடுகிற தொழில். பங்க் அண்ணன் கணக்குத் தெரியாமல் இதில் இறங்க நினைக்கவில்லை என்பது புரிந்தது. தங்கை வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். கவுன்சிலர் வேலை என்றால் கார் கழுவுவதை வேடிக்கை பார்ப்பதா என்று அவள் சிரித்தாள். பாதி வேலை அதுதான் என்றேன்.

அடுத்தது பேரூராட்சி அலுவலகம். எங்கள் செயல் அலுவலர் பொறுமைசாலி. கேட்டால் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். அதனால் கேட்க வேண்டியதை முன்கூட்டியே யோசித்துக்கொண்டுதான் போவேன். அவர் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். வீடுகள் உள்ள பகுதி மஞ்சள், கடைகள் உள்ள பகுதி நீலம். சாலையை ஒட்டி ஒரு பட்டை நீலமாக ஓடியது. எண்ணெய் போடுகிற இடம், ஆபீஸ் அறை, ஓரத்தில் இருந்த பழைய பஞ்சர் கொட்டகை எல்லாம் அந்த நீலத்துக்குள் வந்துவிட்டன. பின்பக்க நிலம் மட்டும் மஞ்சள்.

“இத நீலமா மாத்துனா, வாட்டர் சர்வீஸ் மட்டும்தான் போட முடியுமா சார்?” என்று கேட்டேன்.

“அப்பிடி இல்லம்மா. வணிகம்னா வணிகம்தான். நாளைக்கு அவரே கல்யாண மண்டபம் கட்டலாம். எடத்த வித்தாருன்னா, வாங்குறவரு குடோன் போடலாம்.”

“வாட்டர் சர்வீஸ மூடிட்டாருன்னா மறுபடி மஞ்சளாகுமா?”

“தானா ஆகாது.”

அந்த இரண்டு பதில்களோடு என் மனது தெளிந்துவிட்டது. என்னிடம் கேட்கப்பட்டது ஒரு வாட்டர் சர்வீஸுக்குச் சம்மதம் இல்லை. மதினி வீட்டுச் சுவரை ஒட்டி, அந்தத் தெருவை ஒட்டி, என்றைக்கும் என்ன வேண்டுமானாலும் வரலாம் என்பதற்குச் சம்மதம். துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினால் போதும். இது அப்படிப்பட்ட வெட்டு இல்லை.

ஆனால் முடிவு எடுத்த பிறகுதான் கஷ்டமான ஆட்கள் வந்தார்கள். பங்க்கில் எண்ணெய் போடுகிற பெண்கள் இரண்டு பேர், இருவருமே என் வார்டுக்காரர்கள். அவர்கள் போட்டிருக்கிற நீலக் கோட்டைத் தைத்ததும் நான்தான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அந்தக் கோட்டோடு என் கடைக்கு வந்தார்கள். வருமானம் இப்படியே போனால் ஒரு ஷிஃப்டை நிறுத்தவேண்டியிருக்கும் என்று முதலாளி அவர்களிடம் சொல்லியிருக்கிறார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னாராம்.

மூத்தவள் தைத்து வைத்திருந்த துணிகளைத் தடவிக்கொண்டே பேசினாள். “அக்கா, எனக்கு ஒங்க ஆபீசு வெவகாரம் தெரியாது. வெயில்ல நிக்காம, ராத்திரிக்கு முன்னாடி வீட்டுக்கு வாற மாதிரி இங்க வேற வேல எங்கருக்கு? வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க.”

இளையவள் தன் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. வாட்டர் சர்வீஸ் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, அது எங்கே வரவேண்டும் என்பதில்தான் என் பேச்சு என்றேன். அவர்களுக்கு அது பதிலாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கே அது அரைப் பதிலாகத்தான் பட்டது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் பங்க்குக்குப் போனேன். கூட்டத்தில் நான் பேசப்போவதை வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக்கூடாது. ஆபீஸ் அறையில் அவர் மட்டும் இருந்தார். ஃபேன் என் பக்கம் திரும்பியது. பின்பக்க நிலத்தை மாற்றுவதற்கு நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் காரணத்தைச் சொன்னேன். பஞ்சர் கொட்டகை இருக்கிற இடத்தில் போட்டால் நிலத்தை மாற்றவே தேவையில்லை, அது ஏற்கெனவே நீலம்தான் என்றேன்.

அவருக்கு அது தெரிந்தே இருந்தது. “அங்க ஒரு காருதான் நிக்கும், தங்கச்சி. ஒண்ண வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மூணு இருந்தாத்தான் கட்டும்.”

“ஒண்ணுல தொடங்குங்கண்ணே.”

“ஒங்க மதினி சொல்லித்தான இது?”

“மதினி கேள்விதான் கேட்டாங்க. பதில் தேடுனது நான்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். “எங்கப்பா சம்பாதிச்ச எடம். அதுல என்ன செய்யணும்னு நான் பத்துப் பேருகிட்டக் கேட்டு நிக்கவேண்டியிருக்கு” என்று மட்டும் சொன்னார். அதில் உண்மை இருந்தது. அந்த நிலத்தை அவருடைய அப்பா எப்படிப் பாடுபட்டு வாங்கினார் என்று எங்கள் வீட்டிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நிலத்துக்கு மேலே அடிக்கிற சத்தமும் கீழே ஓடுகிற தண்ணீரும் அவருடைய அப்பா வாங்கியவை இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாரேண்ணே என்று எழுந்துவந்தேன்.

மன்றக் கூட்டங்களில் பெரும்பாலும் பொருளை வாசிப்பார்கள், தலைவர் தலையாட்டுவார், அடுத்த பொருளுக்குப் போவார்கள். தெருவிளக்கு வாங்கியது, குழாய் உடைப்பைச் சரிசெய்தது என்று வரிசையாகப் போய், பின்பக்க நிலத்தின் பயன்பாட்டை மாற்றுகிற தீர்மானம் வந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். அவருக்கு இதில் ஆதாயமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வார்டு உறுப்பினர் சரி என்றால் சரி. என் வீட்டுக்காரர் வெளியே ஜன்னலோரம் தன் வண்டியில் சாய்ந்து நின்றார்.

நான் எழுந்து, எனக்கு இதில் சம்மதம் இல்லை என்றேன். அறையில் சிறு சலசலப்பு. அதுவரை நான் கூட்டத்தில் பேசியதெல்லாம் சாக்கடை, தெருவிளக்கு, ரேஷன் கடைக்குக் கூரை, இவ்வளவுதான்.

அடுத்த வார்டு உறுப்பினர் ஒருவர் சிரித்தார். “சொந்தக்காரவுக வீட்டுக்காகப் பேசுறாக” என்று பொதுவாகச் சொன்னார்.

அதற்கு நான் தயாராகவே போயிருந்தேன். “ஆமா, பின்னாடி இருக்குறது எங்க மதினி வீடுதான். பங்க் அண்ணனும் எனக்கு வேண்டியவருதான். அந்த ரெண்டு பேரும் யாருன்னே தெரியாட்டியும் நான் இதத்தான் சொல்லுவேன்” என்றேன். பிறகு நாகல் நகரில் பார்த்தது, கிணற்றடியில் பார்த்தது, செயல் அலுவலர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இன்றைக்கு இந்த நிலத்தை மாற்றினால், நாளைக்கு உங்கள் உங்கள் வார்டில் வீடுகளுக்கு நடுவே யார் வந்து கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது என்றும் சொன்னேன். முன்பக்கம், நீலத்துக்குள், அவர் கேட்டால் முதலில் ஆதரிக்கிற ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு கை வித்தியாசத்தில் தீர்மானம் விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த உறுப்பினரும் என் பக்கம்தான் தூக்கினார். அவருடைய வார்டில் ஒரு அரிசி ஆலைக்காரர் இதே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டுக்குப் போகிற வழியில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தார். டீக்கடையில் எல்லோரும் அவரிடம்தான் கேட்டார்களாம், ஒங்க வீட்ல என்ன இப்படிப் பண்ணிட்டாங்க என்று. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “கெணத்துக்கும் போருக்கும் எம்புட்டுத் தூரம் இருக்கணும்னு எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல” என்றார். கூட்டத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்தான். மோட்டாரோடு பிழைக்கிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் திண்டுக்கல் வரை போயிருக்கிறேன். அடுத்ததற்குக் கேட்கிறேன் என்றேன். அவர் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

பங்க் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் என் ஸ்கூட்டிக்கு அங்கேதான் பெட்ரோல் போட்டேன். அவர் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வரமாட்டார். இளையவள்தான் போட்டுவிடுவாள், பாக்கிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பாள். வேறு பங்க்குக்குப் போகலாமே என்று கடையில் இருந்த பெண்கள் கேட்டார்கள். எதற்குப் போகவேண்டும்? அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஒரு தீர்மானத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை முடிந்து வெயில் தெளிந்த சமயத்தில், பஞ்சர் கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த இடத்தில் ஒரே ஒரு மேடை கட்டினார்கள். உரிமம் கேட்டு அவர் அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, ஏதாவது நிபந்தனை சொல்வதென்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார். புதிதாகப் போர் போடக்கூடாது. கழுவுகிற தண்ணீர் தெருவுக்கு வரக்கூடாது. இருட்டியதும் மூடிவிட வேண்டும். வீடுகள் இருக்கிற பக்கம் தகரம் வைத்து மறைக்க வேண்டும். நான் சொன்னதில் பாதியைப் பங்க் அண்ணன் ஏற்கெனவே செய்துவைத்திருந்தார். கழுவிய தண்ணீர் மூன்று தொட்டிகளில் அடுத்தடுத்து நின்று, எண்ணெய் பிரிந்து, மண் படிந்து, கடைசித் தொட்டியிலிருந்து முதல் கழுவலுக்குத் திரும்பப் போகிற மாதிரி கட்டியிருந்தார். அந்தத் திருப்பி அடிக்கிற மோட்டாரைப் பொருத்தியது என் வீட்டுக்காரர். வேலை முடிகிற வரைக்கும் அதை என்னிடம் சொல்லவேயில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்த நேரத்தில் மதினி வந்து நின்றாள். தீர்மானம் விழுந்தால் வாட்டர் சர்வீஸே வராது என்று அவள் நினைத்திருந்தாள்.

“முன்னாடின்னா மட்டும் தண்ணி வானத்துலருந்து வருதா? எல்லாம் ஒரே மண்ணுதானடி” என்றாள்.

அவளை ஸ்கூட்டியில் உட்கார வைத்துப் பங்க்குக்குக் கூட்டிப்போனேன். மூன்று தொட்டியையும் எட்டிப் பார்த்தாள். கடைசித் தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். பாப்போம் என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது ஸ்கூட்டியில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அண்ணனிடம் எனக்குக் கொடுத்துவிடுகிற பூவும் நின்றுபோனது. நான் கடைத்தெருவில் வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்பவர்களிடம் காரணம் சொல்லவில்லை.

பங்க்கில் ஒரு ஷிஃப்டைக் குறைக்கத்தான் செய்தார்கள். மூத்தவள் வாட்டர் சர்வீஸுக்கு மாறினாள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்து அடிக்கிறாள். அவளைப் பார்க்கவே ஒரு கம்பீரம். இளையவள் நூல் மில்லுக்குப் போய்விட்டாள். மில் பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது, சம்பளமும் பரவாயில்லை என்று சொல்கிறாள். மூன்று மேடை வந்திருந்தால் அவளும் இங்கேயே இருந்திருப்பாள் என்பதை நான் மறக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் தீர்மானத்துக்கு எதிராகக் கையைத் தூக்கினேன். இன்னொரு முறை அதே தீர்மானம் வந்தாலும் அப்படியேதான் செய்வேன்.

இந்த வருடக் கோடையில் கிணறு மறுபடி இறங்கியது. மதினி மனு எழுதவில்லை. நேராக என் கடைக்கு வந்து, “வா, அந்த அண்ணன்கிட்டப் பேசணும்” என்றாள். இரண்டு பேரும் போனோம். பங்க் அண்ணன் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மதினியிடம்தான் என்ன என்று கேட்டார். அவள் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்து வந்து, கிணற்றை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாட்டர் சர்வீஸுக்குத் தண்ணீர் எடுக்கிற அவருடைய பங்க்கின் பழைய போரும் அதே மண்ணில்தான் இருக்கிறது.

“இதனாலதான் எறங்குச்சா, வெயிலுக்கு எறங்குச்சான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார்.

“தெரியும். வெயிலுக்கும் எறங்கும்” என்றாள் மதினி. “இருந்தாலும் செடி தண்ணியில்லாம நிக்கிது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுன்சிலராக நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. நிபந்தனையில் கோடைக்கு மூடவேண்டும் என்று நான் எழுதவில்லை. எழுதாததை அதிகாரமாகக் கேட்க எனக்கு உரிமை கிடையாது.

“மழை வாற வரைக்கும் நிறுத்திக்கிறேன்” என்றார். பூட்ஸ் போட்ட பெண்ணை அதுவரைக்கும் பெட்ரோல் பம்புக்கே அனுப்புவதாகவும் சொன்னார்.

சொன்னபடி செய்தார். வாட்டர் சர்வீஸ் மேடையில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, தண்ணீர்ப் பற்றாக்குறையால் தற்காலிகமாக இல்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கார்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மதினி கடைத்தெருவுக்குப் போகவர அந்த அட்டையைப் பார்த்திருப்பாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை மதினி வீட்டு அண்ணன் என் கடைக்கு வந்து, வாழை இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் மல்லிகை, தொடுத்தே கொடுத்திருந்தாள்.

ஆடி கடைசியில் ரெண்டு நல்ல மழை பெய்தது. அதன் பிறகு ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்தபோது கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். சேறு அப்பிய கார்கள் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரிசையாக நின்றன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இடம் விடாமல் நிறுத்தியிருந்தார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பங்க் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தானே முன்னால் வந்து, கடைசியில் நின்ற காரைப் பங்க்குக்குள் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார்.